வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையுமா?

கேள்வி: காலையில் எதுவும் சாப்பிடாமல் ஓடினால் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு விரைவாகக் கரையும் என்று உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர் சொன்னார். இரண்டு மாதங்களாக அப்படித்தான் ஓடுகிறேன். எடையில் மாற்றமே இல்லை. இந்த முறையால் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை. இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் உண்ணாதிருக்கையில் இரத்தத்தில் இன்சுலின் அளவு தாழ்ந்துவிடுகிறது. அப்போது கொழுப்புத் திசுவில் சேமிக்கப்பட்டிருக்கும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு எளிதில் உடைந்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கலக்கிறது. இரவு முழுவதும் மூளைக்குக் குளுக்கோஸ் கொடுத்து வந்த கல்லீரலின் கிளைகோஜன் (சேமித்து வைக்கப்பட்ட குளுக்கோஸ்) இருப்பும் அதற்குள் குறைந்திருக்கும். ஆகவே அந்த நேரத்தில் மிதமான வேகத்தில் ஓடுபவரின் தசைகள், சாப்பிட்டுவிட்டு ஓடுபவரின் தசைகளைவிடச் சற்று அதிகமாகக் கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. இதில் ஐயமில்லை.

ஆனால் எவ்வளவு அதிகம் என்று கேட்டால் உற்சாகம் வடிந்துவிடும். பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு பகுப்பாய்வில், ஒரு முறை பயிற்சி செய்யும்போது இந்த வேறுபாடு சராசரியாக 3 கிராம் கொழுப்பு என்றே தெரியவந்தது; அதாவது 27 கலோரி. அந்தச் சிறு ஆதாயமும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. பயிற்சியின்போது மாவுச்சத்தை அதிகமாக எரித்தவரின் உடல் பிற்பாடு கொழுப்பைக் கூடுதலாக எரிப்பதும், கொழுப்பை அதிகமாக எரித்தவரின் உடல் பிற்பாடு மாவுச்சத்தின் பக்கம் சாய்வதும் இயல்பு. ஒரு மணி நேரத்தில் எது எரிந்தது என்பதை வைத்து உடற்கொழுப்பின் கணக்கை முடிக்க முடியாது. பல நாட்களில் உண்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வேறுபாடுதான் அதைத் தீர்மானிக்கிறது.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டு வெளியானது. இளம் பெண்கள் 20 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்திற்கு 3 நாள், ஒரு மணி நேரம் வீதம், 4 வாரங்கள் பயிற்சி செய்தார்கள். ஒரு குழு வெறும் வயிற்றில் செய்தது, மற்றது உணவுக்குப் பின் செய்தது. இரு தரப்பினருக்கும் கலோரி குறைந்த உணவுத் திட்டமே தரப்பட்டது. இரு குழுக்களிலும் எடையும் கொழுப்பும் குறைந்தன. குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், காலமும் குறைவுதான். ஆயினும் வெறும் வயிறு எடையை வேகமாகக் குறைக்கும் என்று அடித்துச் சொல்பவர்கள்தான் அதற்கு மாறான சான்றைக் காட்ட வேண்டும்.

ஒரு நன்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடுதல் எடையுள்ள ஆண்களைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்து 2019இல் வெளியான 6 வார ஆய்வில், காலை உணவுக்கு முன் சைக்கிள் மிதித்தவர்களின் உடல் இன்சுலினுக்கு மேம்பட்ட விதத்தில் இசைந்தது. பயிற்சியின்போது எரிந்த கொழுப்பும், உணவுக்குப் பின் மிதித்த குழுவைவிட அவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆனால் அங்கும் எடை குறைந்த அளவில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை.

உங்கள் எடை ஏன் நகரவில்லை என்பதற்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 70 கலோரி செலவாகும். 5 கிலோமீட்டருக்கு 350 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஓடி முடித்த பசியில், 'இன்றுதான் ஓடிவிட்டோமே' என்ற தைரியத்தில், அந்த 350 கலோரியை ஒரே வேளையில் திரும்பப் பெறுவது மிக எளிது. ஒரு வாரம் உண்பதையும் குடிப்பதையும் எழுதிப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வாருங்கள். தசை கூடி, கொழுப்பு குறையும்போது எடைக் கருவி அதைக் காட்டாமல் போகலாம்.

கேள்வி: மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு எரியும், வேகமாக ஓடினால் எரியாது என்கிறார்களே?

பதில்: மெதுவாக நடக்கும்போது செலவாகும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு விகிதம் அதிகம், ஆனால் மொத்தச் செலவே குறைவு. விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூட்டு வலியோ இதய நோயோ இருப்பவர்களுக்கு மெதுவான நடை ஏற்றது என்பது வேறு விஷயம்.

கேள்வி: எனக்கு நீரிழிவு. மாத்திரை போட்டுக்கொண்டு, காலை உணவுக்கு முன் நடக்கிறேன். சில நாட்களில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. இப்படியே தொடரலாமா?

பதில்: இப்படியே தொடர வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும்தான் அதிகம். நீங்கள் எந்த வகையில் வருகிறீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதும் அவர் முடிவாக இருக்கட்டும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

அதுவரை, நடக்கும் முன் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்ட பிறகே புறப்படுங்கள். நடக்கும்போது நடுக்கம் வந்தால் அங்கேயே நின்று சோதியுங்கள். 70க்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது சோதிக்க வழியில்லை என்றால், விரைவில் செரிக்கும் குளுக்கோஸோ சர்க்கரை கலந்த பானமோ 15 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே போகாதீர்கள். சாப்பிட்ட பிறகு நடப்பது உங்களுக்கு இரட்டை நன்மை: தாழ்சர்க்கரை அபாயம் குறைகிறது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் கட்டுப்படுகிறது.

கேள்வி: வெறும் வயிற்றில் எடை தூக்கினால் தசை கரைந்துவிடுமா? பயிற்சிக்கு முன் கறுப்புக் காபி குடிக்கலாமா?

பதில்: நாள் முழுவதற்கும் போதுமான புரதம் உண்பவருக்குத் தசை கரையாது; ஆனால் கடைசிச் சுற்றுகளில் வலு குறைவதாகப் பலர் உணர்கிறார்கள். அப்படி உணர்ந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாலும் சர்க்கரையும் சேராத காபி குடிக்கலாம். பயிற்சியின் சிரமம் குறைந்தது போலத் தோன்றவும் அது உதவும். நெஞ்செரிச்சலோ படபடப்போ உண்டாக்கினால் விட்டுவிடுங்கள். தண்ணீரை மட்டும் எந்த நிலையிலும் தவிர்க்க வேண்டாம்.