அவளுக்கு ஏன் ஓட்டத் தெரியாது?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. போன பிறந்தநாளுக்கு என் அண்ணன் 16 இன்ச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். சைடு வீல் இருக்கும் வரை காம்பவுண்டு முழுக்கச் சுற்றுவான். கழற்றிவிட்டால் ஏறவே மாட்டேன் என்று அழுகிறான். எதிர் பிளாக்கில் இவனைவிடச் சின்னப் பையன் சைடு வீல் இல்லாமல் ஓட்டுகிறான், பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. கணவருக்கு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார், அன்றைக்கும் அசதியில் தூங்கிவிடுவார். அதனால் என் பெண்தான் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் சீட்டைப் பிடித்துக்கொண்டு இவன் பின்னாலேயே ஓடுகிறாள். அவளுக்கு 11 வயது, பக்கத்து எய்டட் ஸ்கூலில் ஆறாவது படிக்கிறாள். அவளுக்கே ஓட்டத் தெரியாது, அதனால் சரியாகப் பிடிக்கவும் தெரியவில்லை. போன வாரம் கையை விட்டுவிட்டாள். இவன் விழுந்து முட்டியில் தோல் உரிந்துவிட்டது. அவளை நன்றாகத் திட்டினேன். அதிலிருந்து இவன் சைக்கிள் பக்கமே போவதில்லை. பயம் போக என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் பெரிய சைடு வீலாக வாங்கி மாட்டலாமா?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: "அவளுக்கே ஓட்டத் தெரியாது." அம்மா, உங்கள் கடிதத்தில் இந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பையனின் பயத்துக்கும் சைடு வீலுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். அவளுக்கு ஏன் ஓட்டத் தெரியாது?

அவளுக்கும் 6 வயது வந்து போயிருக்கிறது. அவளுக்கும் வருஷா வருஷம் பிறந்தநாள் வந்திருக்கிறது. சைக்கிள் வாங்கிக் கொடுத்த உங்கள் அண்ணன் அப்போதும் அவளுக்குத் தாய்மாமாதான். அன்றைக்கு அவளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள். அவள் கேட்டாளா, கேட்டும் கிடைக்கவில்லையா, கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து கேட்காமலே இருந்துவிட்டாளா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் இது எனக்குப் பழகிப்போன விஷயம். தம்பி நீச்சல் கிளாசில் இருப்பான், அக்கா கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தம்பியை டியூஷனில் விட்டுக் கூட்டிவர அக்கா போவாள், அவளுக்கு டியூஷன் இருக்காது. எழுதுகிற அம்மாக்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெண்ணை அடித்துத் துன்புறுத்துகிறவர்கள் இல்லை. ஆனால் பையனுக்கு ஒன்று வரவில்லை என்றால் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பெண்ணுக்கு அதே விஷயம் வரவில்லை என்பதை, பையனுக்கு உதவி செய்ய ஆள் சரியில்லை என்ற குறையாக நடுவில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பையை இறக்கி வைத்த கையோடு தம்பியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். தினமும். குனிந்தபடி ஓட வேண்டும், ஏனென்றால் 16 இன்ச் வண்டியின் சீட் அவள் இடுப்புக்கும் கீழே இருக்கும். அப்படி ஓடிப் பாருங்கள், நாலு பிளாக் தாண்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். அவ்வளவு ஓடியும் ஒரு நாள் கை நழுவியதற்குத் திட்டு. இது நியாயம் இல்லை அம்மா. திட்டியது தப்பு என்று அவளிடம் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதாது, தம்பி பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். அவன் முன்னால்தானே திட்டியிருப்பீர்கள்?

அவன் அதிலிருந்து சைக்கிள் பக்கமே போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டி வலி இரண்டு நாளில் போயிருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிதாக மனதில் நிற்பது, தான் விழுந்ததும் அக்காவுக்கு விழுந்த திட்டு. இனி நாம் விழுந்தால் அக்காவுக்குத் திட்டு விழும் என்று அவன் பயந்திருக்கலாம். அல்லது, நாம் விழுந்தால் அது அக்காவின் தப்பு என்று கற்றுக்கொண்டிருக்கலாம். முதலாவது என்றால் உங்களுக்கு நல்ல பிள்ளை. இரண்டாவது என்றால் இப்போதே சரி செய்யுங்கள், சைக்கிளைவிட அது அவசரம்.

இப்போது சைடு வீலுக்கு வருகிறேன். கழற்றிய சைடு வீல் இரண்டையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். உங்கள் பையன் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். அவன் பெடல் போடத்தான் பழகியிருக்கிறான், பேலன்ஸ் பழகவே இல்லை. வண்டி வலப்பக்கம் சாயும்போது ஹேண்டிலையும் வலப்பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும். அப்போது சக்கரம் சாய்கிற உடம்புக்கு அடியில் வந்து தாங்கிவிடும். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது கையில் தானாக வரும், யோசிக்க மாட்டார்கள். வேகம் இருந்தால் சின்ன அசைவே போதும். பயந்து பயந்து மெதுவாகப் போனால் ஹேண்டில் அதிகமாக ஆடும், விழுவதும் அப்போதுதான். சைடு வீல் வண்டியைச் சாயவே விடாது. சாயாத வண்டியில் எத்தனை மாதம் சுற்றினாலும் கை இதைக் கற்றுக்கொள்ளாது.

உங்கள் பெண் என்ன செய்தாள்? சீட்டை இறுக்கிப் பிடித்து வண்டியை நேராகவே வைத்திருந்தாள். சைடு வீல் செய்த அதே வேலையை அவளும் செய்திருக்கிறாள். அவள் வேறு எப்படிப் பிடிப்பாள்? ஓட்டியிருந்தால்தானே எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும்? ஓட்டத் தெரியாத பிள்ளையை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் நிறுத்தியது நீங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா? கடிதத்தில் இல்லை. தெரியாது என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் பெண்ணை அனுப்பாமல் நீங்களே இறங்கியிருப்பீர்கள். உங்கள் அம்மா வீட்டிலும் யாரும் உங்களை ஏற்றிவிடவில்லை. அது உங்கள் தப்பு இல்லை. ஆனால் அதை அப்படியே பெண்ணுக்கும் கொடுத்துவிட்டுப் போவது உங்கள் தப்புதான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. புடவை கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்ற பிறகு, ஊர் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல், வீட்டு ஆண்களை எதிர்பார்க்காமல் வேலைக்கும் தண்ணீருக்கும் போய் வந்தார்கள். உங்கள் பெண்ணுக்கு 11 வயதுதான். உங்களுக்கும் வயசாகிவிடவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்புக்கு வந்தால் இலவச சைக்கிள் கொடுக்கிறார்கள், இருபது வருஷமாக நடக்கிற திட்டம். உங்கள் பெண் இதே மாதிரிப் பள்ளியில் தொடர்ந்தால் அவளுக்கும் ஒன்று வரும். அந்தச் சைக்கிளைப் பள்ளி வாசலிலிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போகிற பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்த வண்டி அண்ணனுக்கோ தம்பிக்கோ போய்விடும். உங்கள் வீட்டில் அது யாருக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கணவர் விஷயத்திலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார்டு வேலை எப்படிப்பட்டது, நைட் ஷிப்ட் உடம்பை என்ன செய்யும் என்று தெரியும். அவர் தூங்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அவர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். பெற்றவர்கள் இரண்டு பேர் வீட்டில் இருக்கும்போது பிள்ளையை வளர்க்கிற பொறுப்பு இன்னொரு பிள்ளையின் தலையில் ஏறக்கூடாது. அதிலும் நம் பக்கத்தில் சைக்கிள் பழக்குவது என்றால் ரோடும் சேர்த்துத்தான். திருவொற்றியூர் ஹை ரோடு, எண்ணூர் ஹை ரோடு பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓயாமல் ஹார்பருக்குப் போய் வரும். அந்த டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் வண்டிக்கு ஒட்டி முன்னாலும் இடப்பக்கமும் நிற்கிற சின்னப் பிள்ளை தெரியவே தெரியாது. யார்டில் தினமும் அந்த வண்டிகளோடு நிற்கிற உங்கள் கணவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் வீட்டில் இல்லை. மெயின் ரோடு எல்லை எது, எந்தத் திருப்பத்துக்கு மேல் போகக்கூடாது என்று அவர் வாயால் இரண்டு பேருக்கும் சொல்லட்டும்.

சரி, எப்படிப் பழக்குவது? முதலில் பெண்.

அவள் உயரத்துக்கு 24 இன்ச் வண்டி வேண்டும். பக்கத்து பிளாக்கில் கேளுங்கள், இல்லை என்றால் தெருமுனை சைக்கிள் மெக்கானிக்கிடம் பழைய வண்டி இருக்கும். புதிது தேவையில்லை. இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள். நீங்களே கழற்றினால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும், இடது பெடல் மரை மாறி இருக்கும், வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். சீட்டை இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வையுங்கள். அதன் பிறகு யாரும் பிடிக்க வேண்டாம். காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போகட்டும். முதலில் நடை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தள்ளிவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொள்வாள், வண்டி தானாக ஓடும். கால் தரையில் படாமல் காம்பவுண்டின் ஒரு பிளாக் நீளம் வந்துவிட்டால் பெடலை மாட்டிவிடலாம். இதற்கு நடுவில் பிரேக் பழக வேண்டும், பெடலுக்கு முன்பே. கண் கீழே சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் பார்க்க வேண்டும். காலில் ஷூ, தலையில் ஹெல்மெட். துப்பட்டா வேண்டாம், பேன்ட் செயினில் மாட்டாமல் மடித்துவிடுங்கள்.

அவள் ஓட்டிய பிறகு தம்பிக்கு அதே வேலை, அவன் 16 இன்ச் வண்டியில். அவன் விரல் பிரேக் லீவருக்கு எட்டுகிறதா என்று மட்டும் தனியாகப் பாருங்கள். சின்ன வண்டிகளில் பல நேரம் எட்டாது, மெக்கானிக் திருகி உள்ளே கொண்டுவந்து தருவார். பெடல் மாட்டிய பிறகு பிடிக்க வேண்டி வந்தால் சீட்டையோ ஹேண்டிலையோ பிடிக்கக் கூடாது. பக்கத்தில் ஓடி, அக்குளுக்குக் கீழே லேசாகப் பிடித்தால் போதும், வண்டி அவன் கையிலேயே இருக்கும். அந்த ஓட்டம் அப்பா ஓட வேண்டிய ஓட்டம். பெண் ஆசைப்பட்டால் ஓடட்டும், இந்த முறை அவளுக்குத் தெரிந்து ஓடுவாள்.

காசிமேடு மணலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். விழுந்தால் வலிக்காது என்று பலர் அங்கே போவார்கள், மணலில் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும், நின்ற வண்டிதான் விழும். உங்கள் காம்பவுண்டு சிமெண்டுத் தரையே நல்லது. ஞாயிறு விடியற்காலை, தண்ணீர் லாரி வருவதற்கும் பைக்குகள் கிளம்புவதற்கும் முன்னால். உடைந்த ஸ்லாப், மேன்ஹோல் மூடி இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். முட்டி இன்னும் ஒரு தடவை உரியும். கழுவி மருந்து போட்டு மறுபடி ஏற்றுங்கள், யாரையும் திட்டாதீர்கள்.

எதிர் பிளாக் பையனைப் பார்ப்பதை விடுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பெரிய சைடு வீல் வாங்காதீர்கள். அந்தக் காசில் பெண் ஓட்டப் போகிற வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றுங்கள். பழைய வண்டி என்றால் முதலில் தேய்ந்திருப்பது அதுதான்.