மே 3-ஆ, மார்ச் 5-ஆ?

கேள்வி: எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தில், தேதியும் நேரமும் வைக்கும் டேட்டைம் வகை நெடுவரிசையில் '2024-05-03' என்று பதிந்தால் எனக்கு மே 3. சக ஊழியருக்கு மார்ச் 5. சர்வரோடு இணைய இருவரும் பயன்படுத்தும் கருவியும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: கருவியின் திரைமொழியைக் குடைந்து நானும் ஒரு நாளைத் தொலைத்திருக்கிறேன். அதற்கும் தேதிக்கும் சம்பந்தமே இல்லை. லாகினுக்கு, அதாவது சர்வரில் நுழையும் கணக்குக்கு உரிய மொழிதான் முடிவு செய்கிறது. அவருடையது பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருக்கும். ஆண்டுக்கு அடுத்ததை அது நாளாக எடுத்துக்கொள்ளும். 13ஆம் தேதியிலிருந்து பிழைச்செய்தி வந்து காட்டிக்கொடுக்கும். 12 வரை சத்தமில்லாமல் புரண்டுவிடும்! 'டிபிசிசி யூசர்ஆப்ஷன்ஸ்' கட்டளையை இருவரும் இயக்கிப் பாருங்கள், மொழியும் தேதி வரிசையும் தெரியும். சர்வரின் இயல்பு மொழியை மாற்றினால் புதிய லாகின்களுக்கே பலிக்கும். பழையவற்றைத் தனித்தனியே மாற்ற வேண்டும். நான் அந்த வம்புக்கே போவதில்லை. கோடில்லாமல் '20240503' என்று எழுதிவிடுகிறேன். எந்த மொழியிலும் அது மே 3தான்.