டொமைனில் சேராத கம்ப்யூட்டர், உள்ளே விடாத லாகின்: சேலம் வட்டாரக் கேள்வி பதில்

ஆபீஸ் நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரைச் சேர்க்கும்போது வரும் லாகின் கோளாறு மட்டும் இங்கே. டொமைன்னா ஆபீஸ் மெஷின்களையும் லாகின் கணக்குகளையும் ஒரே இடத்தில் இருந்து நடத்துற அமைப்பு, அதை நடத்துற சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். கேட்கிறவங்க எரர் நம்பர், விண்டோஸ் எடிஷன், 'ஐபிகான்ஃபிக் /ஆல்' போட்டால் வரும் டிஎன்எஸ் (பேரைக் கேட்டு ஐபி முகவரி சொல்லும்) சர்வர் வரி, இந்த மூணையும் சேர்த்தே எழுதுங்க. "லாகின் ஆகல" என்று மட்டும் எழுதினால் என்னால் ஒண்ணும் சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசு மொத்த வியாபார ஆபீஸ்: அண்ணா, புது சர்வர் போட்டு டொமைன் வச்சிருக்கோம். ஆறு மெஷின் சேர்ந்துருச்சு. ஏழாவது மட்டும் "டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை"ங்குது, கோட் 0எக்ஸ்0000232பி. சர்வரைப் பேர் சொல்லிப் பிங் பண்ணினா பதில் வருதே?

பதில்: அந்தப் பிங் உங்களை ஏமாத்துது. ஒரே ஸ்விட்ச்சில் இருக்கும் மெஷின்கள் டிஎன்எஸ் இல்லாமலே பிராட்காஸ்ட் மூலம் பேரைக் கண்டுபிடிச்சுக்கும். டொமைனில் சேர அது போதாது. டொமைன் கன்ட்ரோலர் எதுன்னு தெரிய மெஷின் டிஎன்எஸ்ஸில் எஸ்ஆர்வி ரெக்கார்டை (எந்த வேலைக்கு எந்த சர்வர்னு சொல்லும் பதிவு) தேடும். உங்க எரரை எண்ணில் சொன்னால் 9003, "அப்படி ஒரு பேரே டிஎன்எஸ்ஸில் இல்லை"ன்னு அர்த்தம். அந்தப் பதிலைச் சொன்னது யாருன்னு பாருங்க. ரவுட்டர் டிஎச்சிபி (மெஷினுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) கொடுத்த 192.168.1.1 ஆகவோ கூகுளின் 8.8.8.8 ஆகவோதான் இருக்கும். உங்க ஆபீஸ் டொமைன் கூகுளுக்கு எப்படித் தெரியும்?

சோதிக்க, கமாண்ட் பிராம்ப்டில் 'என்எஸ்லுக்கப் -டைப்=எஸ்ஆர்வி _எல்டேப்._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ்.' போட்டு, இடைவெளி விடாமல் உங்க டொமைன் முழுப் பேரையும் சேருங்க. போர்ட் 389 என்று காட்டி சர்வர் பேரும் வந்தால் டிஎன்எஸ் சரி. வராவிட்டால் அந்த மெஷினுக்கு டிஎன்எஸ்ஸாக டொமைன் கன்ட்ரோலரின் ஐபியை மட்டும் கொடுங்க. பிறகு 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்', மறுபடி சோதனை.

"மட்டும்"னா மட்டும்தான். இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 போடாதீங்க. முதல் சர்வர் கொஞ்சம் தாமதிச்சாலே விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவிடும். அது "இல்லை"ன்னு சொன்னால் அதையே முடிவாக எடுத்துக்கும், திரும்பி வந்து முதல் சர்வரைக் கேட்காது. காலையில் லாகின் ஆகுது, மதியம் ஆகலைங்கிற வியாதி பாதி இங்கிருந்துதான் வருது. இன்டர்நெட் வேணும்னா சர்வரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வேர்டர் (தனக்குத் தெரியாத பேரை வெளி டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் வசதி) போடுங்க, 8.8.8.8 இருக்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னொண்ணு. இப்போ வரும் ஃபைபர் ரவுட்டர்கள் ஐபிவி6 வழியாகவும் டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துருது. 'எஃப்இ80' என்று ஆரம்பிக்கும் டிஎன்எஸ் வரி தெரிஞ்சால், ஐபிவி4இல் எல்லாம் சரியாக இருந்தும் கேள்வி ரவுட்டருக்குத்தான் போகும். மெஷினில் ஐபிவி6ஐ அணைக்காதீங்க, ரவுட்டர் செட்டிங்கில் அந்த டிஎன்எஸ் அறிவிப்பை நிறுத்துங்க.

தாதகாப்பட்டி, டிராவல்ஸ்: புது லேப்டாப்பில் டொமைன் என்ற கட்டமே தெரியல சார்.

பதில்: ஹோம் எடிஷன். டொமைனில் சேராது, ப்ரோவுக்கு மாத்துங்க.

ஆத்தூர், சேகோ ஆலை கணக்குப் பிரிவு: ஹார்ட் டிஸ்க் போய், பழைய பேக்கப் இமேஜை ஏத்தினோம். இப்போ "டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டு"ங்குது. டொமைனை விட்டு எடுத்துட்டு மறுபடி சேர்க்கச் சொல்றாங்க. சேர்க்கலாங்களா?

பதில்: வேண்டாம். ஆளுக்குப் பாஸ்வேர்டு இருக்கிற மாதிரி மெஷினுக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒருமுறை மெஷின் தானாக அதை மாத்திக்கும். நீங்க ஏத்தின இமேஜில் இருக்கிறது பழைய பாஸ்வேர்டு, சர்வரில் இருக்கிறது புதுசு. அதைச் சரிசெய்தால் போதும்.

லோக்கல் அட்மினாக நுழையுங்க. யூசர்நேம் கட்டத்தில் புள்ளி, பின்சாய்கோடு, பிறகு பேர். லோக்கல் பாஸ்வேர்டு தெரியலைன்னா நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிட்டு, அந்த மெஷினில் ஏற்கெனவே நுழைஞ்ச டொமைன் அட்மின் கணக்கில் முயற்சி பண்ணுங்க, சேமிச்சு வச்ச லாகின் பெரும்பாலும் விடும். உள்ளே போனதும் கேபிளைச் செருகி, பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் -ரிப்பேர் -கிரெடென்ஷியல்' போட்டு டொமைன் அட்மின் பேரைக் கொடுங்க. 'ட்ரூ' என்று வந்தால் முடிஞ்சது. விண்டோஸோடு வரும் 5.1 பவர்ஷெல்லில் போடுங்க, 7இல் இந்தக் கமாண்ட் கிடையாது.

எடுத்துட்டுச் சேர்க்கிறது ஏன் வேண்டாங்கிறேன்னா, அதோடு நிறுத்தாமல் சர்வரில் அந்தக் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்டையும் (அந்த மெஷினுக்கான பதிவு) டிலீட் பண்ணிடறாங்க. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைன் விவரமெல்லாம் இருக்கும் இடம்) சேமிச்சிருந்தால் அது அந்த ஆப்ஜெக்டுக்குள்ளேதான் இருக்கும். சேர்ந்தே போயிடும்.

ஃபேர்லேண்ட்ஸ், ஆடிட்டர் ஆபீஸ்: "கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நேர வித்தியாசம்"னு வருது. ஆனா கடிகாரம் ரெண்டிலும் ஒரே நேரந்தான் காட்டுது.

பதில்: டைம் ஜோனைப் பாருங்க. அமெரிக்க பசிபிக் ஜோனில் விட்டுட்டு, மணியை மட்டும் கையால் திருத்தியிருப்பாங்க. கண்ணுக்கு ஒரே மணி, உள்ளே யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் பதிமூணரை மணி வித்தியாசம் (அங்கே கோடைக்கால நேரம் ஓடினால் பன்னிரண்டரை). டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை பொறுத்துக்கொள்வது 5 நிமிஷம். இந்தியாவின் 5:30 ஜோனுக்கு மாத்திட்டு, மணியைச் சரிபண்ணி, 'டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்' போடுங்க. பிறகு 'டபிள்யூ32டிஎம் /க்வெரி /சோர்ஸ்'. பதில் 'லோக்கல் சிமாஸ் கிளாக்'னு வந்தால் மெஷின் இன்னும் சர்வரிடம் நேரம் வாங்கலை. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பின்னாடி போகுதுன்னா மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாத்துங்க.

அஸ்தம்பட்டி, கிளினிக்: முதல் டிஎன்எஸ்ஸாக எங்க சர்வர், ரெண்டாவதாக 8.8.8.8. சில நாள் லாகின் ஆகுது, சில நாள் இல்லை.

பதில்: முதல் பதிலைப் படிங்க. ரெண்டாவதை எடுங்க.

லீ பஜார், மண்டி: எங்களுக்கு டொமைன் எல்லாம் இல்லீங்க. ஒரு மெஷினில் டேலி டேட்டா ஷேர் பண்ணியிருக்கோம். புது விண்டோஸ் 11 லேப்டாப் மட்டும் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்குது. நாலு இலக்க நம்பர் போட்டா தப்புங்குது.

பதில்: அந்த நாலு இலக்கம் பின் நம்பர். அது அந்தந்த மெஷினில் உட்கார்ந்து நுழைய மட்டும், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது, விண்டோஸ் தடுத்துரும். இத்தனை நாள் கெஸ்ட் (பாஸ்வேர்டு கேட்காத விருந்தாளி லாகின்) வழியாக ஓடியிருக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து ப்ரோவிலும் அந்த வழியை மூடிட்டாங்க.

டேட்டா இருக்கும் மெஷினில் தனியாக ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கி, பாஸ்வேர்டு வச்சு, ஃபோல்டரில் ஷேரிங், செக்யூரிட்டி ரெண்டு டேபிலும் அந்த யூசருக்கு அனுமதி கொடுங்க. ஒண்ணில் கொடுத்து இன்னொண்ணை மறந்தால் ஃபைல் திறக்காது. லேப்டாப்பில் பேர் கேட்கும்போது டேட்டா மெஷினின் பேர், பின்சாய்கோடு, யூசர் பேர் என்று போடுங்க. முன்னாடி தப்பாகச் சேமிச்சது கிரெடென்ஷியல் மேனேஜரில் இருந்தால் முதலில் அழிங்க. யாராவது வந்து எஸ்எம்பி1 (பழைய ஃபைல் ஷேரிங் முறை) ஆன் பண்ணினா சரியாயிடும்னு சொன்னா விடாதீங்க. 2017 மே மாசம் வானாக்ரை ரேன்சம்வேர் பரவினது அந்தக் கதவு வழியாகத்தான்.

அதே மண்டி: டேலி லைசென்ஸும் வேற மெஷினுக்கு மாத்தணும்...

பதில்: அது உங்க டேலி டீலர் வேலை.

சூரமங்கலம், கல்லூரி லேப்: 40 மெஷின், ஒண்ணை ரெடி பண்ணி மத்ததுக்கு இமேஜ் அடிச்சோம். எல்லாம் 24எச்2. டொமைனில் சேர்ந்து நல்லா ஓடிட்டிருந்தது. 2025 செப்டம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு மெஷினில் இருந்து இன்னொரு மெஷினின் ஷேருக்கோ ரிமோட் டெஸ்க்டாப்புக்கோ போனா, சரியான பாஸ்வேர்டையே தப்புங்குது.

பதில்: இமேஜ் எடுக்கும் முன்னாடி சிஸ்பிரெப் (மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) போட்டீங்களா? போட்டிருக்க மாட்டீங்க. ரெண்டு மெஷினில் பவர்ஷெல்லைத் திறந்து 'கெட்-லோக்கல்யூசர் | செலக்ட் நேம், எஸ்ஐடி' போடுங்க. கடைசியில் வரும் 500, 501 எண்களை விட்டுட்டு மீதியை ஒப்பிடுங்க. ஒரே மாதிரி இருந்தால் ரெண்டுக்கும் ஒரே எஸ்ஐடி, அதாவது விண்டோஸ் மெஷினுக்குக் கொடுக்கும் அடையாள எண். 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகள் 24எச்2, 25எச்2, சர்வர் 2025 மூணிலும் இதைக் கண்டுபிடிச்சு கெர்பரோஸ், என்டிஎல்எம் ரெண்டு லாகின் முறையையும் மறுக்குது. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாகில் 6167 இருக்கான்னு பாருங்க.

சிஸ்டம் சர்வீஸ், ஐந்து ரோடு: குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். எஸ்ஐடி ஒண்ணா இருந்தா தப்பில்லைன்னு மைக்ரோசாஃப்டின் மார்க் ருஸினோவிச்சே 2009இல் எழுதி, எஸ்ஐடியை மாத்த தான் செய்த நியூஎஸ்ஐடி கருவியையும் நிறுத்திட்டாரே? நாங்க எத்தனையோ லேப் அப்படித்தான் போட்டிருக்கோம்.

பதில்: எழுதினார், உண்மை. நெட்வொர்க் லாகினில் ஒரு மெஷினின் எஸ்ஐடியை இன்னொரு மெஷின் பார்க்கிறதில்லைன்னு அன்றைய விண்டோஸ் நடந்துகிட்ட விதத்தைச் சொன்னார். அதே கட்டுரையின் முடிவில், குளோன் மெஷினுக்கு சிஸ்பிரெப் போட்டால்தான் மைக்ரோசாஃப்ட் ஆதரவு என்ற விதி மாறாதுன்னும் எழுதினார். பாதியைப் பிடிச்சுக்கிட்டு மீதியை விட்டுட்டாங்க. அன்றைக்குமே விலக்கு ஒண்ணு இருந்தது: டொமைனின் முதல் கன்ட்ரோலரையே அந்த இமேஜில் இருந்து போட்டால், அதன் எஸ்ஐடி டொமைனின் எஸ்ஐடியாக ஆயிடும். அதே இமேஜில் வந்த கிளையன்ட் சேரவே சேராது.

ஐந்து ரோடு: அப்போ அப்டேட்தானே கெடுத்தது? அன்இன்ஸ்டால் பண்ணினா ஓடுது, நானே பார்த்தேன்.

பதில்: ஓடும். அடுத்த மாச க்யூமுலேட்டிவ் அப்டேட்டில் அதே சோதனை திரும்ப வரும். பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் மாணவர்கள் பென் டிரைவ் செருகுற லேபை எத்தனை மாசம் ஓட்டப் போறீங்க?

கல்லூரி லேப்: 40ஐயும் மறுபடி போடணுமா சார்? செமஸ்டர் நடக்குது.

பதில்: மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சப்போர்ட்டைக் கேட்டால் தற்காலிகமாக ஒரு சிறப்பு க்ரூப் பாலிசி (மெஷின்களுக்கு மொத்தமாகப் போடும் செட்டிங்) தருவாங்க, செமஸ்டரை அதில் ஓட்டுங்க. லீவில் ஒரு மெஷினைச் சுத்தமாகப் போட்டு, டொமைனில் சேர்க்காமலே, 'சிஸ்பிரெப் /ஜெனரலைஸ் /ஊபி /ஷட்டவுன்' கொடுத்து, அது அணைஞ்ச நிலையிலேயே இமேஜ் எடுங்க. ஒருமுறை பூட் ஆயிட்டால் சிஸ்பிரெப் வேலை வீண். பேர் வைக்கும்போது 15 எழுத்துக்குள் வைங்க. நீளமாக வச்சு கடைசியில் 01, 02 போட்டால் நெட்பயாஸ் பேரில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் குறும்பேர்) அந்த எண்களே வெட்டுப்பட்டு, எல்லாம் ஒரே பேராயிடும். மெஷினை ஃப்ரீஸ் பண்ணும் (ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்கே திருப்பும்) சாஃப்ட்வேர் இருந்தால் மெஷின் பாஸ்வேர்டு மாத்துவதை பாலிசியில் நிறுத்தி வைங்க, இல்லாவிட்டால் ஆத்தூர்க்காரங்க கதைதான்.

ஐந்து ரோடு: சிஸ்பிரெப் போட்டா டிரைவர் எல்லாம் போயிடுமே...

பதில்: போகாமல் வைக்க ஆன்சர் ஃபைலில் (சிஸ்பிரெப்புக்குக் கொடுக்கும் செட்டிங் ஃபைல்) 'பெர்சிஸ்ட் ஆல் டிவைஸ் இன்ஸ்டால்ஸ்' இருக்கு. எஸ்ஐடி விவாதம் இத்தோடு போதும், மத்தவங்களும் காத்திருக்காங்க.

சங்ககிரி, லாரி புக்கிங் ஆபீஸ்: ஒரு பையனோட கணக்கு தினமும் காலையில் லாக் ஆயிடுது.

பதில்: பிடிசி எமுலேட்டர் சர்வரின் (கணக்கு லாக் ஆகிற விவரம் வந்து சேரும் டொமைன் கன்ட்ரோலர்) செக்யூரிட்டி லாகில் ஈவென்ட் 4740ஐப் பாருங்க. எந்த மெஷின் லாக் பண்ணுதுன்னு அதில் இருக்கும். பழைய பாஸ்வேர்டை வச்சிருக்கிற மேப் டிரைவ், ஷெட்யூல் டாஸ்க், இல்லாவிட்டால் அவர் போனில் இருக்கும் ஆபீஸ் வைஃபை.

ஓமலூர், ஸ்பின்னிங் மில்: ஃபார்மேட் பண்ணின மெஷினை அதே பேரில் சேர்த்தா "செக்யூரிட்டி பாலிசி தடுத்தது"னு 0எக்ஸ்ஏஏசி வருது.

பதில்: எண்ணில் சொன்னால் 2732. 2022 அக்டோபர் அப்டேட்டில் வந்த கட்டுப்பாடு, முன்னாடி அந்த ஆப்ஜெக்டை உண்டாக்கின கணக்கில் இருந்து சேர்த்தால் விடும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால், கம்ப்யூட்டர் அக்கவுண்ட் மறுபயன்பாட்டை அனுமதிக்கும் டொமைன் கன்ட்ரோலர் பாலிசியில் அந்த ஆப்ஜெக்டின் ஓனராக இருக்கும் நம்பகமான கணக்கை அல்லது குழுவைச் சேருங்க, இப்போ டொமைனில் சேர்க்கிற கணக்கை அல்ல. அவசரம்னா புதுப் பேர் வைங்க. பழைய ஆப்ஜெக்டை அழிக்கிறதா இருந்தால் பிட்லாக்கர் கீயைப் பார்த்துட்டு அழிங்க. வீடியோக்களில் சொல்ற 'நெட்ஜாயின்லெகசி' ரெஜிஸ்ட்ரி வேலை 2024 ஆகஸ்ட் அப்டேட்டுக்கு அப்புறம் பலிக்காது.

அம்மாப்பேட்டை, ஜவுளி: டொமைன் கிடைக்கலைங்குது சார். டிஎன்எஸ் 8.8.4.4தான் போட்டிருக்கேன், 8.8.8.8 இல்லை.

பதில்: ...அதுவும் கூகுள்தாங்க. எடுங்க.

ஏற்காடு, காபி எஸ்டேட் ஆபீஸ்: சர்வர் சேலத்தில். இங்கே லேப்டாப்பில் விபிஎன் போட்டு வேலை. பழைய ஆளுங்க நுழையறாங்க. புதுசா சேர்ந்தவர் லாகின் பண்ணினா "டொமைன் கிடைக்கவில்லை"ங்குது. மழைக்கு லைன் போனா இன்டர்நெட்டும் போயிடுது.

பதில்: நல்ல கேள்வி. பழையவங்க லாகினை அந்த லேப்டாப் சேமிச்சு வச்சிருக்கு, கடைசி 10 பேர் வரை. புது ஆளுக்கு முதல்முறை சர்வரின் பதில் வேணும், ஆனா விபிஎன் ஆன் ஆவதே அவர் உள்ளே போன பிறகுதான். அதனால் விபிஎன்னை ரவுட்டருக்கு ரவுட்டர் போடுங்க. முடியாவிட்டால் விண்டோஸ் விபிஎன்னை 'எல்லா யூசருக்கும்' என்று உண்டாக்குங்க, லாகின் திரையின் மூலையில் நெட்வொர்க் சைன்-இன் ஐகான் வரும், முதலில் அதை இணைச்சுட்டு நுழையலாம்.

ரெண்டாவது குறை உங்க டிஎன்எஸ். எல்லாத்தையும் சேலம் சர்வருக்கு அனுப்பினால், டன்னல் (விபிஎன் இணைப்பு) விழுந்ததும் இணையத்தில் ஒரு பேருக்கும் பதில் வராது. பிராஞ்ச் ரவுட்டரில் கண்டிஷனல் ஃபார்வேர்டர் இருந்தால், டொமைன் பேர் மட்டும் சேலத்துக்கு, மத்ததெல்லாம் நேரடியாக வெளியே. நான் கத்திக்கிட்டிருக்கிற 'டொமைன் கன்ட்ரோலர் மட்டும்' விதிக்கு இது ஒண்ணுதான் விலக்கு, அதுவும் ரவுட்டரில்தான். லேப்டாப்பில் ரெண்டாவது டிஎன்எஸ் அப்பவும் கூடாது.

லாகின் ஆகி "ப்ளீஸ் வெயிட்"டிலேயே நிற்குதுன்னா பாக்கெட் அளவைச் சோதிங்க: 'பிங் -எஃப் -எல் 1464', பிறகு சேலம் சர்வர் ஐபி. பிபிபிஓஇ லைனில் (யூசர்நேம் போட்டு இணையும் பிராட்பேண்ட்) எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1492; ஹெடர் 28 கழிச்சால் 1464. டன்னல் அதற்குள்ளும் கொஞ்சம் தின்னும், அதனால் பதில் வரும்வரை எண்ணைக் குறைச்சுக்கிட்டே வாங்க. வந்த எண்ணோடு 28 கூட்டி, அதை ரெண்டு ரவுட்டரிலும் டன்னலின் எம்டியூவாகப் போடுங்க.