மைக் செட்காரர் பதில்கள்

குடியாத்தம் வாசகி ஒருவர்: என் மகள் படிக்கும் காமிக்ஸில் டாஸ்லர் என்று ஒருத்தி, சத்தத்தை உள்ளே இழுத்து வெளிச்சமாக மாற்றுகிறாள். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அவளை நிறுத்தினால் ஊருக்கே வெளிச்சம் கிடைக்குமா என்று மகள் கேட்கிறாள். வேலூரில் மைக் செட் கடை வைத்திருந்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள் பாப்பா. லாங்கு பஜார் பக்கம் கடை இருந்த காலத்தில் குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வண்டி, சீரியல் லைட் செட்டுக்கு ஒரு வண்டி என்று அனுப்புவேன். டாஸ்லர் கிடைத்திருந்தால் இரண்டாவது வண்டி வாடகை மிச்சம்!

கணக்குக்கு வருவோம். சாதாரணப் பேச்சில் ஒருவர் வாயிலிருந்து கிளம்பும் ஒலியின் சக்தி, ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 9 வாட் பல்பு ஒன்று எரியவே ஒன்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து பேச வேண்டும், அதுவும் துளி வீணாகாமல். குழாயும் லேசுப்பட்டதில்லை. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் கொடுப்பதில் கால் பங்கு சத்தமாக வந்தாலே பெரிது. மீதி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயிலைச் சூடாக்கும். மத்தியான நேரத்தில், குழாயின் பின்னால் மாட்டும் யூனிட்டைத் தொட்டவனுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல். அவள் சத்தத்தை முழுசாக இழுத்துக்கொண்டால் பின்னால் நிற்பவர் காதுக்குப் பம்பை மேளம் கேட்காது. அம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது பம்பை கேட்காவிட்டால் விழாக் கமிட்டி முதலில் பிடிப்பது மைக் செட்காரனைத்தான்.

ஆனால் அவளுடைய சாமர்த்தியம் வேறு. சேர்த்து வைத்ததை ஒரே கணத்தில் விடுகிறாள், கேமரா ஃபிளாஷ் மாதிரி. கொஞ்சம் சக்திதான், கண் கூசிவிடும். அதனால் ஊருக்கு விளக்குப் போட அவளை நம்பாதீர்கள். வேட்டுப் போடும் இடத்தில் நிறுத்தினால் வாணவேடிக்கைக்கு ஆகும்.

ஆம்பூர் வாசகர்: மலையைப் பெயர்க்கும் ஹீரோக்கள் இருக்க, இந்தச் சின்ன ஹீரோயினுக்கு ஏன் இவ்வளவு இடம்?

பதில்: சின்னவள்தான் தம்பி. 1980-ல் எக்ஸ்-மென் காமிக்ஸின் 130-ஆம் இதழில் டிஸ்கோ பாடகியாக வந்தாள். டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரத்தில் ஓர் இசைத்தட்டு கம்பெனியோடு சேர்ந்து, அந்தக் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் போட்ட திட்டம் அது. அவளுக்கென்று தனி இதழ் வருவதற்குள் டிஸ்கோ மோகம் இறங்கிவிட்டது, இசைத்தட்டு கம்பெனியும் கழன்றுகொண்டது. அப்படியும் 1981-ல் அவள் பெயரிலேயே வந்த முதல் இதழை, பெட்டிக்கடைக்குப் போடாமல் காமிக்ஸ் கடைகளில் மட்டும் விற்றார்கள். 4 லட்சத்துக்கு மேல் போனது. 1986-ல் 42-ஆம் இதழோடு நின்றுவிட்டது.

எனக்கு அவளைப் பிடிக்கக் காரணம் வேறு. சொந்தப் பெயர் அலிசன் பிளேர். அப்பா வக்கீலுக்குப் படி என்கிறார், அவள் பாடத்தான் போவேன் என்கிறாள். உலகத்தைக் காப்பாற்றும் ஆசையெல்லாம் கிடையாது. மேடைக்கு லைட் போடத்தான் அந்தச் சக்தியே! கச்சேரி நடுவில் வில்லன் வந்தால் எரிச்சலோடு அடித்துவிட்டு மறுபடி பாடப் போகிறவள். மேடைத் தொழில்காரி. எங்கள் ஜாதி.

ஆற்காடு வாசகர்: அவளைத் தோற்கடிக்க என்ன வழி?

பதில்: சத்தமே இல்லாத இடத்தில் அடைத்தால் போதும். அமிர்திக் காட்டில்கூடப் பூச்சி கத்தும். வேலூரிலோ கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட்டுவிடுவார்கள். வில்லன் வேறு ஜில்லா பார்த்துக்கொள்வது நல்லது.