தடை நீங்கியது, விலை இறங்கவில்லை: 1973 எண்ணெய் நெருக்கடி பற்றிய கேள்வி பதில்

முருகேசன்: 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதற்குப் போர்தானே காரணம் ஐயா?

போர் தீக்குச்சி. வைக்கோல் முன்பே காய்ந்து கிடந்தது. அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு விமானத்தில் ஆயுதம் அனுப்பியது. 19-ஆம் தேதி அமெரிக்க அதிபர் நிக்சன் 220 கோடி டாலர் உதவிக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்டார். மறுநாள் சவூதி அரேபியா அமெரிக்காவுக்கான எண்ணெயை நிறுத்தியது.

ஆனால் 1967 அரபு-இஸ்ரேல் போரின்போதும் எண்ணெயை நிறுத்தும் இதே ஆயுதத்தை எடுத்தார்கள், அன்று பலிக்கவில்லையே! விடை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ரயில்வே ஆணையம் என்று ஓர் அமைப்பு உண்டு. பெயர்தான் ரயில்வே, எந்தக் கிணற்றில் மாதம் எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்று முடிவு செய்ததும் அதுதான். விலை சரியாமலிருக்கக் கிணறுகளை முழு வேகத்தில் ஓடவிடாமல் வைத்திருந்தது. அதனால் 1967-இல் வால்வைத் திறந்ததும் கூடுதல் எண்ணெய் கிடைத்தது. 1970-இல் அமெரிக்க உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 1972-இல் ஆணையம் 100 சதவீத உற்பத்திக்கு அனுமதி தந்தது. திறப்பதற்கு வால்வே மிச்சமில்லை. 1973 ஏப்ரலில் இறக்குமதி வரம்பையும் நீக்கினார்கள். அக்டோபரில் அரபு நாடுகளின் கை ஓங்கியது இப்படித்தான்.

டாலரையும் மறக்கக் கூடாது. 1971 ஆகஸ்டில் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். டாலர் மதிப்பு இறங்கியது. எண்ணெயை டாலரில் விற்றவர்களுக்கு வருமானம் தேய்ந்துகொண்டே வந்தது.

கலைவாணி: தடையால்தான் விலை நான்கு மடங்கானதா?

இல்லை அம்மா. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். தடை வேறு, உற்பத்திக் குறைப்பு வேறு, விலை உயர்வு வேறு. அக்டோபர் 16 அன்று குவைத்தில் கூடிய ஆறு வளைகுடா நாடுகள், பீப்பாய்க்கு 3.01 டாலராக இருந்த அறிவிப்பு விலையை 5.12 ஆக்கின. அறிவிப்பு விலை என்பது கம்பெனிகள் அரசுக்குக் கட்டவேண்டிய வரியைக் கணக்கிடும் விலை. சந்தை விலை அல்ல. மறுநாள் அரபு நாடுகள் மட்டும் கூடி, மாதம் 5 சதவீதம் உற்பத்தியைக் குறைப்பதென்று முடிவெடுத்தன. தடை அதன் பிறகு வந்தது. டிசம்பர் இறுதியில் தெஹ்ரானில் விலையை 11.65 டாலராக்கினார்கள். அதற்கு முன்னின்றவர் ஈரான் மன்னர் ஷா. ஈரான் அரபு நாடும் அல்ல, தடையில் சேரவும் இல்லை. 1974 மார்ச் 18 அன்று தடையை விலக்கினார்கள். விலை இறங்கியதா? இல்லை.

தடையைவிட வலித்தது உற்பத்திக் குறைப்பு. கம்பெனிகள் அரபு எண்ணெயை வேறு நாடுகளுக்குத் திருப்பி, மற்ற எண்ணெயை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தன. ஆனால் டிசம்பரில் நாளொன்றுக்கு அரபு எண்ணெய் 50 லட்சம் பீப்பாய் குறைந்திருந்தது. பிறர் ஈடுகட்டியது 6 லட்சம்தான். கம்யூனிச நாடுகள் நீங்கலான உலகில் இது சுமார் 9 சதவீதப் பற்றாக்குறை.

ரஹீம்: ஈரான் புரட்சியின்போது ஏற்பட்ட நெருக்கடி இதுதானே?

அல்ல. அது 1979, இரண்டாவது நெருக்கடி. தனியாகப் பேசவேண்டியது.

ஸ்டீபன்: 9 சதவீதக் குறைவுக்கு அமெரிக்காவில் ஏன் அவ்வளவு நீண்ட வரிசை?

நல்ல கேள்வி. 1971 முதல் அங்கே விலைக் கட்டுப்பாடு இருந்தது. 1973 நவம்பரில் வந்த பங்கீட்டுச் சட்டம் 1972-ஆம் ஆண்டு விநியோகத்தை அடிப்படையாக வைத்தது. மக்கள் சுற்றுலாவைக் கைவிட்டார்கள். ஆனால் சுற்றுலா ஊர்களுக்குப் பழைய அளவே போனது. நகரங்கள் வறண்டன. ஓரிகன் மாநிலத்தில் பங்க் வாசலில் கொடி கட்டினார்கள்: பச்சை என்றால் யாரும் வரலாம், மஞ்சள் என்றால் வணிக, அவசர வண்டிகளுக்கு மட்டும், சிவப்பு என்றால் பெட்ரோல் இல்லை.

அதற்கு மேல் பயம். நாட்டில் சுமார் 10 கோடி கார்கள். ஒவ்வொருவரும் பயத்தில் டாங்கியில் 5 காலன் கூடுதலாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பீப்பாய் பங்கிலிருந்து கார்களுக்குள் போய் முடங்கிவிடும்.

பாண்டியன்: மக்கள் மீதும் சட்டத்தின் மீதும் பழி போடுகிறீர்கள். விலையைத் திறந்துவிட்டிருந்தால் ஏழை எங்கே போவான்?

பாண்டியன், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விலையை விட்டால் பணமில்லாதவன் தவிப்பான். கட்டிவைத்தால் மணிக்கணக்கில் நிற்க முடியாத கூலிக்காரன் தவிப்பான். கூப்பன் முறை நேர்மையாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. அவர்கள் 480 கோடி கூப்பன்களை அச்சடித்தும் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. கம்பெனிகளின் லாபம் பெருகியதும் உண்மைதான். ஆனால் வரிசைக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்.

செந்தில்: தடையால் விலை நான்கு மடங்கானது என்று படித்தேன், சரியா?

மேலே கலைவாணி கேட்டதற்கான பதிலை முழுதாகப் படியுங்கள் தம்பி. இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் அதுவே பதில்.

சுமதி: நம் பக்கம் என்ன பாதிப்பு?

எண்ணெயோடு உரமும் கோதுமையும் விலை ஏறின. பசுமைப் புரட்சி அப்போதுதான் வேர்பிடித்திருந்தது. யூரியா விலை நேராக வயலைத் தாக்கியது. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். இலங்கையில் 1973-74 உணவுப் பஞ்சத்தில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. எண்ணெய் நெருக்கடி என்று பேசும்போது நியூயார்க் வரிசையைக் காட்டுகிறோம், தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த அந்த லயங்களை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம். இன்னொரு பக்கம், எண்ணெய்ப் பணத்தில் வளைகுடா கட்டடங்களாக எழுந்தது. நம்மவர்கள் அங்கே வேலைக்குக் கப்பலேறினார்கள்.

கார்த்திக்: இப்போது எண்ணெய்ப் பங்குகள் வாங்கலாமா?

என் துறை அல்ல. பதிவுபெற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

மீனா: தேக்கவீக்கம் என்றால் என்ன?

விலையும் ஏறும், வேலையும் போகும். அமெரிக்காவில் 1974-இல் பணவீக்கம் 11 சதவீதம். 1975 மே மாதம் வேலையின்மை 9 சதவீதம். வட்டியை உயர்த்தினால் வேலை போகும், தாழ்த்தினால் விலை ஏறும். மத்திய வங்கிக்கு இரண்டு பக்கமும் இடி.

பாண்டியன்: விலைக் கட்டுப்பாடும் பங்கீட்டுச் சட்டமும்தான் வரிசைக்குக் காரணம் என்றால், ஜப்பானில் கழிப்பறைக் காகிதத்துக்கு ஏன் வரிசை நின்றது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1973 நவம்பரில் ஒசாகா அருகே செண்ரி நியூ டவுனில் தொடங்கியது அது. காகிதம் தீர்ந்துவிடும் என்ற வதந்தி பரவியது. கடை திறக்குமுன்பே இல்லத்தரசிகள் திரண்டார்கள். அங்கே வாசலில் கூட்டத்தைச் சேர்த்தது எந்தப் பங்கீட்டுச் சட்டமும் இல்லை, பயம் ஒன்றுதான். ஆகவே என் வாதத்தில் பயத்துக்கு நான் கொடுத்த இடம் போதாது. வரிசைக்கான காரணங்களில் சட்டத்துக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். திருத்திக்கொள்கிறேன்.