கனடாவில் படகைக் குளிர்காலத்துக்கு மூடி வைப்பதுபோல் முல்லைத்தீவில் மாரிக்கு வைக்கலாமா?

கேள்வியோடு உங்கள் மாமா ரொறொன்ரோவிலிருந்து அனுப்பிய குறிப்பையும் சேர்த்திருக்கிறீர்கள். இயந்திரத்துக்குள் உறைதடுப்புத் திரவம் ஓட விடு, படகு முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்று, வசந்தம் வரும்வரை திறக்காதே என்கிறார். உங்களிடம் இருப்பது 18 அடி பைபர் படகு, கள்ளப்பாட்டுக் கரை, வரப்போகும் மாரி.

மாமா சொன்னது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கிறது. இயந்திரத்தின் குளிரூட்டும் வழிகளில் தேங்கி நின்ற கொஞ்சத் தண்ணீர் போதும், உலோகம் வெடித்துவிடும். இங்கே டிசம்பர் விடியலில் போர்வை தேடுகிறோமே தவிர, தண்ணீர் உறைவதில்லை. எனவே உறைதடுப்புத் திரவத்துக்கான காசை நல்ல கயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் முடிவு செய்யவேண்டியது வேறு. மாரியில் கடல் இடையிடையே தணியும் நாட்களில் தொழிலுக்குப் போவீர்களா, தை பிறந்து கடல் அடங்கும்வரை படகைத் தொடவே மாட்டீர்களா? இதற்குப் பதில் தெரியாமல் இடம் தேடுவதில் பயனில்லை.

போவதாக இருந்தால் படகு கரையில்தான் நிற்கும். ஆனால் தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் நிறுத்திய இடத்தில் நிறுத்தாதீர்கள். வாடைக்காற்றில் எழும் அலை கரை மணலை அரித்துக்கொண்டு போகும். நேற்று மேடாக இருந்த இடம் இன்று அலைவாயாக இருக்கும். அடம்பன் கொடி படர்ந்திருக்கும் கோட்டுக்கும் உள்ளே ஏற்றுங்கள். அந்தக் கொடி பிடித்து வளர்ந்திருந்தால் அலை அங்கே அடிக்கடி வருவதில்லை என்று பொருள். புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் போதாது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அது உருவானதிலிருந்து கரை தொட்டது வரை சில நாட்கள்தான். படகை இழுக்க ஆட்களும் உழவு இயந்திரமும் எங்கே கிடைக்கும் என்று அப்போது தேட முடியாது. அயலில் படகு வைத்திருப்பவர்களோடு இப்போதே பேசி வையுங்கள்.

கட்டும்போது தென்னையில் கட்டாதீர்கள். மரம் விழுந்தால் படகின் மேல்தான் விழும். ஒரு பனங்குற்றியைக் குறுக்காக ஆழப் புதைத்து, அதிலிருந்து கயிறு எடுங்கள். இரு பக்கமும் வேண்டும்.

மழையைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை வன்னிக்கு அதிசயமில்லை. உங்கள் படகின் வாய் அளவுக்கு அது ஏழெட்டு நூறு லீற்றர் தண்ணீர், அதாவது ஏறத்தாழ முக்கால் தொன் சுமை. அந்தச் சுமையோடு படகு சாய்ந்தால் ஏரா, அதாவது அடி நடுவில் ஓடும் முதுகெலும்பு, வெடிக்கும், பக்கம் பிளக்கும். முன்பக்கமான அணியத்தை நன்றாக உயர்த்தி வைத்து, பின்புறத்தில் இருக்கும் வடிதுளையின் அடைப்பைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய அடைப்பை இயந்திரத்தோடு கட்டி வையுங்கள், இல்லையேல் தையில் கடைகடையாகத் தேடுவீர்கள். துளையை மணலும் சருகும் அடைக்கும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்.

சிலர் நந்திக்கடல் களப்பில் கட்டி வைக்கச் சொல்வார்கள். அலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் மழையில் களப்பு நிரம்பி, வட்டுவாகல் பக்கம் முகத்துவாரம் திறந்துகொண்டால் நீர்மட்டம் மளமளவென்று இறங்கும், இழுவையும் பலமாக இருக்கும். கயிறு குட்டையாக இருந்தால் நீர் ஏறும்போது அணியம் அமிழும். நீளமாக இருந்தால் படகு அலைந்து சேற்றில் குந்தும். பக்கத்தில் ஆள் இருந்து கயிற்றை மாற்றிக் கட்ட முடிந்தால் மட்டும் அங்கே விடலாம்.

தை வரை தொடமாட்டீர்கள் என்றால் வீட்டு வளவுதான் என் தெரிவு. இழுவைக் கூலியைப் பார்த்துத் தயங்காதீர்கள். மண் நிரப்பிய சாக்குகளை ஏராவின் கீழும், உள்ளே குறுக்குத்தடுப்பு இருக்கும் இடங்களின் கீழும் கொடுங்கள். தடுப்பு இல்லாத இடத்தில் முட்டுக் கொடுத்தால் பைபர் உள்வாங்கும். பழைய ரயர் வைப்பவர்கள் அதில் துளை போடவேண்டும், நுளம்புக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுக்கக்கூடாது. குப்புறக் கவிழ்த்து வைப்பதும் நல்ல வழிதான், ஆனால் கவிழ்த்த படகின் அடியில் காற்றுப் புகுந்தால் தூக்கி எறியும். அதையும் கட்டித்தான் வைக்கவேண்டும்.

மாமா சொன்ன இறுக்கச் சுற்றல் இங்கே கெடுதல். நம் ஈரவெக்கையில் உள்ளே வியர்த்து, இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறி உக்கிவிடும். நடுவில் ஒரு மூங்கிலை நீளவாக்கில் கட்டி, அதன் மேல் தறப்பாளைக் கூரைபோல் சரித்துப் போடுங்கள். இரு முனையும் திறந்திருக்கட்டும். கிடுகு கிடைத்தால் இன்னும் நல்லது. பின்பலகையில் பழைய ஆணித்துளைகள் இருந்தால் மழைக்கு முன் பசையிட்டு அடையுங்கள்.

இயந்திரம் எப்படியும் வீட்டுக்கு வரவேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் அதன் அடிப்பகுதியை நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கி ஓட விட்டு உப்பைக் கழுவுங்கள். கரையோர உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பல்லுப்பெட்டி (கியர் பெட்டி) எண்ணெயை இப்போதே மாற்றுங்கள். வடித்த எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. காப்பு வளையத்தை மாற்றவேண்டும். அந்த வேலையைத் தைக்குத் தள்ளிப்போட்டால், எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்துநரிடம் போய் நிற்பார்கள், நீங்கள் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள்.