வாந்தியில் வந்த புழுவும் கறிவேப்பிலைச் சட்டி மண்ணும்

கேள்வி: டாக்டர், பினாங்கு ஜெலுத்தோங்கில் தரைவீட்டில் இருக்கிறோம். ஆறு வாரத்துக்கு முன் என் மகன் ரோட்டோரம் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். போன வாரம் அது வாந்தி எடுத்தது. வாந்தியில் மீகூன் மாதிரி வெள்ளையாக இரண்டு புழுக்கள், உயிரோடு நெளிந்தன. மகனுக்கு நாலு வயது. வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் சட்டியில் கை விட்டு மண் தின்பான். பயந்துபோய் பார்மசியில் பூச்சி மாத்திரை வாங்கி ஒன்று கொடுத்தேன். மலத்தில் எதுவும் வரவில்லை. நான் இப்போது நாலு மாதக் கர்ப்பிணி. பூனையை இன்றைக்கே எங்கேயாவது விட்டுவிட்டு வா என்கிறார் மாமியார். பையன் அழுகிறான். என்ன செய்வது?

பதில்: சகோதரி, பூனையை விரட்ட வேண்டாம். அந்தக் குட்டி எங்கே போய் மலம் கழிக்கிறது என்று இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள். அதற்கென்று மணல் தட்டு வைத்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பூனைக்குப் பொலபொலவென்று இருக்கும் மண் கிடைத்தால் போதும், தோண்டி மூடிவிட்டு வந்துவிடும். உங்கள் வாசலில் அப்படிப்பட்ட மண் கறிவேப்பிலைச் சட்டியில்தான் இருக்கிறது. என் கவலை முழுக்க அந்தச் சட்டியைப் பற்றியதுதான்.

வாந்தியில் வந்தது டாக்சோகாரா என்ற உருளைப்புழுவாகத்தான் இருக்க வேண்டும். பூனைக்கு ஒரு வகை, நாய்க்கு ஒரு வகை. நம் நாட்டுப் பூனைகளிடம் இன்னொரு வகையும் உண்டு. நாயின் புழுதான் பூனைக்கும் வந்திருக்கிறது என்று முன்பு நினைத்திருந்தார்கள். 2001-இல்தான் அது தனி இனம் என்று கண்டு, டாக்சோகாரா மலேசியென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். தாய்ப்பூனையின் உடம்பில் இருக்கும் இளம்புழுக்கள் பால் வழியாகக் குட்டிக்குப் போய்விடும். நாய்க்குட்டிக்குத் தாய் வயிற்றில் இருக்கும்போதே போய்விடும். அதனால் ரோட்டோரத்தில் பிறந்த ஒரு குட்டிக்கு இது இருப்பதில் அதிசயம் இல்லை.

இனி நான் சொல்வதை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். குட்டியின் மலத்தோடு வெளியே வரும் முட்டை அன்றைக்கே யாரையும் தொற்றாது. மண்ணில் கிடந்து, ஈரமும் சூடும் பட்டு, உள்ளே இளம்புழு உருவாக இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் அது ஆபத்து. அப்படி முற்றிய முட்டை மண்ணுக்குள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். ஆக, இன்று காலை போட்ட மலத்தை இன்றே அள்ளிவிட்டால் இந்தப் புழுவைப் பற்றிய பயம் பெரும்பாலும் தீர்ந்தது. குட்டி வந்து ஆறு வாரம் ஆகிறது என்கிறீர்கள். முதல் வாரத்தில் சட்டிக்குள் விழுந்த முட்டைகள் இப்போது முற்றியிருக்கும். பூனையைத் தெருவில் விட்டாலும் அவை போகப்போவதில்லை.

சட்டி மண்ணைக் கையுறை போட்டு, வேறு ஒருவர், மேலாக மட்டும் இல்லாமல் முழுவதும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடட்டும். செடியைப் புது மண்ணில் வைத்து, மேலே கூழாங்கல் பரப்பிவிடுங்கள், பூனை தோண்டாது. பிளீச் ஊற்றினால் இந்த முட்டை சாகாது, ஓடு அவ்வளவு கெட்டி. சட்டியையும் சிமெண்டுத் தரையையும் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மகனுக்கு மாத்திரை கொடுத்தும் புழு வரவில்லை என்கிறீர்கள். இந்தப் புழு அவனைத் தொற்றியிருந்தாலும் மலத்தில் வராது. மனிதக் குடலில் அது வளர்ந்து பெரிதாவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து கல்லீரல், நுரையீரல் என்று வழி தெரியாமல் அலையும். மலப் பரிசோதனையிலும் தெரியாது. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியிருக்கிறதா என்று பார்ப்போம், தேவைப்பட்டால், இந்தப் புழுவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் சோதிப்போம். வைத்தியமும் ஒரு மாத்திரையோடு முடியாது; வழக்கமாக அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து காலை, மாலை என்று 5 நாள், டாக்டர் சொல்லித்தான். நீங்கள் கொடுத்த அந்த ஒரு மாத்திரையால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தொற்றிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் வருவதில்லை. சிலருக்குக் காய்ச்சல், விடாத இருமல், மூச்சிழுப்பு, வயிற்றுவலி வரும். நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்குத்தான். 1950-இல் அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் என்ற அம்மையார், எடுக்கப்பட்ட 46 கண்களை நுண்ணோக்கியில் பார்த்தார். 24 கண்களில் புழுவோ அதன் எச்சமோ இருந்தது. அவற்றில் பலவும் புற்றுநோய் என்று சந்தேகித்து எடுக்கப்பட்ட குழந்தைகளின் கண்கள். அது டாக்சோகாரா என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பாதிப்பு பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. வாரம் ஒரு முறை விளையாட்டாக ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் தடுமாறினால், மாறுகண் விழுந்தால், கண்ணின் கருமணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், மண் தின்பது. இதைக் குறும்பு என்று விட்டுவிடாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகள் பலர் இப்படி மண்ணைத் தேடுவார்கள். ஈசினோஃபில் பார்க்கும் அதே ரத்தத்திலேயே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு வாசலில் ஓடுகிறான் என்றால் கொக்கிப்புழுவும் சந்தேகம்தான். நாய், பூனையிடம் இருக்கும் கொக்கிப்புழு ஒன்று, 1911-இல் முதன்முதலில் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையில், நாம் மூசாங் என்கிறோமே அதில், கண்டு எழுதப்பட்டது. அது பாதத் தோல் வழியாகவும் ஏறும், மனிதக் குடலில் வளர்ந்து ரத்தமும் உறிஞ்சும். இதன் முட்டை மலத்தில் தெரியும், அதனால் மலப் பரிசோதனையும் வீணில்லை.

உங்கள் கர்ப்பத்தைப் பற்றிப் பலர் பயமுறுத்தியிருப்பார்கள். அவர்கள் சொல்வது டாக்சோபிளாஸ்மா. பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, அது புழுவே இல்லை, ஒற்றைச் செல் கிருமி. பூனை மலத்தோடு வெளியே வந்தால், அது ஒன்றிலிருந்து ஐந்து நாளில் முற்றித் தொற்றக்கூடியதாகிவிடும். அதனால் குழந்தை பிறக்கும்வரை மணல் தட்டு வேலையை உங்கள் கணவர் செய்யட்டும், தினமும் தவறாமல். நீங்களாகப் பூச்சி மாத்திரை எதுவும் போட வேண்டாம்.

குட்டியை இந்த வாரமே விலங்கு கிளினிக்குக் கொண்டுபோய் எடை போட்டு மருந்து வாங்குங்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும், பிறகு ஆறு மாத வயது வரை மாதாமாதம் கொடுக்க வேண்டியிருக்கும். மகனின் மாத்திரையில் பாதியை உடைத்து அதற்குக் கொடுக்காதீர்கள். அல்பெண்டசோல் பூனையின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். பையன் குட்டியைத் தூக்கட்டும், கொஞ்சட்டும். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஈசினோஃபில், ஹீமோகுளோபின் இரண்டின் அளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.